சத்தியக் கடுதாசி

வெருலம் காவல் நிலையத்தின் பின்னறை மேசைக்கு
மூன்று கால்தான்.
நான்காவதன் இடத்தில்
பழைய பதிவேடுகளை அடுக்கி முட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.
முழங்காலால் தாங்கிக்கொண்டு எழுதுகிறேன்.

விசாரணைக் குழு டர்பனிலிருந்து வந்திருக்கிறது.
ஜூலு தெரிந்த ஆள் கேட்டார்கள்.
பைன்டவுன் செருப்பு ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷம்
தோலுக்குப் பசை தடவியபடி கற்ற ஜூலு என்னுடையது.
வசவும் பிரசவக் கதையும் நிறைய வரும்,
சட்டம் கொஞ்சம் திக்கும்.

எதிரே ந்தோம்பிஃபுதி ம்கேலே.
மடியில் பிளாஸ்டிக் பை.
பைக்குள் மகனுடைய கைப்பேசி.
இன்னும் தினம் சார்ஜ் போடுகிறாள்.

மகன் பெயர்?
ம்தோகோஸிஸி.
அர்த்தம் கேட்டார் இளம் வக்கீல்.
"மகிழ்ச்சி தருகிறவன்" என்றேன்.
தமிழில் நந்தன் என்று சொல்லலாம்,
வாசலோடு நிறுத்தப்பட்ட பெயர்.
அதைச் சொல்லவில்லை.

கடைகள் எரிந்த வாரம்.
நிலையத்துக்கு அடித்துக்கொண்டே இருந்தோம்.
"வண்டி இல்லை" என்றது ஒரு குரல்.
அப்புறம் குரலும் இல்லை,
மணி மட்டும் போய்க்கொண்டிருந்தது.
அப்பா காலத்தில் கூப்பிடாமலே வந்தார்கள்,
விடியும் முன், நாயோடு,
கதவைப் பெயர்த்துக்கொண்டு.

ஆகவே தெருவே போலீஸ் ஆனது.
டயர், பால் பெட்டி, யாரோ கழற்றிப் போட்ட வாயிற்கதவு.
இரண்டு கோல்ஃப் மட்டை.
மூட்லி வீட்டு வேட்டைத் துப்பாக்கி.
கறுத்த ஆள் என்றால் நிறுத்து, பையைக் கொட்டு.
(நாங்கள் என்ன நிறம் என்று
அந்த வாரம் ஒருவரும் கண்ணாடி பார்க்கவில்லை.)
டார்ச் பிடித்தவன் என் தம்பி, சிவேந்திரன்.

"ஐந்தே முக்காலுக்குப் போன் பண்ணினான்" என்கிறாள்.
"வேலை முடிந்து நடந்தே வருகிறேன்,
கரும்புத் தோட்டத்து வளைவில் நிறுத்தியிருக்கிறார்கள் என்றான்.
பயப்படாதே அம்மா,
இங்கே ஒரு பெண் பிளாஸ்கோடு நிற்கிறாள்,
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்,
ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றான்."

வக்கீல் பேனாவோடு காத்திருக்கிறார்.

சிவப்பு பிளாஸ்க்.
மூடி சரியாகச் சேராது, துணி சுற்றித்தான் எடுத்துப்போனேன்.
இஞ்சி தட்டிப் போட்ட தேநீர்.
ஆறு பேருக்கு ஊற்றினேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
சீருடைச் சட்டையில் பெயர் தைத்திருந்தது.
நான் படிக்கவில்லை.
பால் தீர்ந்துவிட்டது என்று உள்ளே போனேன்.
பால் தீரவில்லை.
அடுப்பைப் பற்றவைத்து
விசிலடிக்கும் கெட்டிலை வைத்தேன்,
அது நன்றாகச் சத்தம் போடும்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன்.
"ஒரு பெண்" என்றதை "ஒரு பெண்" என்றே.
மொழிபெயர்ப்பவள் தன் சொல்லைச் சேர்க்கக் கூடாது,
விதி அப்படி.
அந்த விதிக்குப் பின்னால்
ஓர் ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது.

வக்கீல் அந்த நாளின் பதிவேட்டைக் கேட்டார்.
தேடித்தேடி, கடைசியில்
மேசைக்கு அடியிலிருந்தே உருவினார்கள்.
செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் தேதி இருந்தது.
கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாய்
வெறும் கோடுகள்.
மேசை சரிந்து
ஒரு குவளைத் தண்ணீர் என் மடியில் கொட்டியது.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு
வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்,
டாக்ஸிக்கு நேரம் இருந்தது.
நான் முன்பக்கம் போனேன்.
"இன்னொரு படிவம் கொடுங்கள்."
"யாருக்கு?"
"எனக்கு."
கான்ஸ்டபிள் என் ஈரப் புடவையைப் பார்த்தான்.
"சத்தியம் வாங்குகிறவர் சாப்பிடப் போயிருக்கிறார்,
நாளைக்கு வா."
"காத்திருக்கிறேன்."

கைப்பேசி அதிர்ந்தது. தம்பி.
அக்கா, வரும்போது ரொட்டி வாங்கிவரவா?

பெஞ்சில் வேறு இடமில்லை.
ந்தோம்பிஃபுதி நிமிர்ந்து பார்த்தாள்,
பையை மடிக்கு இழுத்துக்கொண்டு
நகர்ந்து உட்கார்ந்தாள்.
படிவத்தில் முதல் வரி: பெயர்.
அதுவரை எழுதியிருக்கிறேன்.